மதியம் ஒரு வேளைப் பத்தியச் சாப்பாடு: பினாங்கு ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள ஆலய நிர்வாகக் குழுத் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், மகளிர் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அரசாங்கக் கிளினிக்கில் சமூகத் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாயையும் பிள்ளையையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. பிறை, பட்டர்வொர்த், பாகான் டாலாம் பக்கத்து ஃபிளாட்டுகளில் "மிஸ்ஸி வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுக் கிரில்லைத் திறந்துவிட்ட வீடுகள் ஏராளம். உங்களில் சிலருடைய பேரப்பிள்ளைகளைக்கூட நான் தராசில் போட்டு நிறுத்திருப்பேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆலய வட்டாரத்தில் பிள்ளை பெற்றிருக்கும் தாய்க்கு, முதல் முப்பது நாளைக்கு, மதியம் ஒரு வேளைப் பத்தியச் சாப்பாட்டை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொண்டுபோகிற பெண்ணுக்கு நேரம் இருந்தால் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு மணி நேரம் தாய் தூங்கட்டும்.

இதை அரசாங்கத்திடம் அல்லவா கேட்க வேண்டும் என்பீர்கள். அரசாங்கம் கொஞ்சம் செய்துதான் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தனியார் துறையில் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அதே தேதியிலிருந்து கணவனுக்கும் சம்பளத்தோடு, தொடர்ந்தாற்போல் 7 நாள் விடுமுறை உண்டு. ஆனால் அந்த ஏழு நாள் கிடைக்க வேண்டுமென்றால் ஒரே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் ஆறு மாதக் கான்ட்ராக்டில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக் கம்பெனிக்குப் போகிறவனுக்கும், கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கும், நாள் சம்பளத்துக்கு லாரி ஏறுகிறவனுக்கும் அது ஏட்டுச் சுரைக்காய்தான். விடுமுறை கிடைத்தவனுக்கும் கணக்கு இடிக்கும். பெண்டாட்டியும் பிள்ளையும் வார்டில் இருக்கும்போதே இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று திரும்பவும் அட்மிட் செய்துவிட்டால் மிச்சமும் ஆஸ்பத்திரி கார் பார்க்கிலேயே முடிந்துவிடும். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கோ எந்தக் கணக்கும் கிடையாது. அவள் யாரிடம் போய் லீவு கேட்பாள்?

வீட்டுக்கு வந்து பார்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. கிளினிக் தாதி முதல் பத்து நாளுக்குள் பல தடவை வருவாள், பிறகு இருபதாம் நாள் வாக்கில் ஒரு தடவை. கர்ப்பப்பை சுருங்கியிருக்கிறதா, இரத்தப்போக்கு எப்படி, தையல் காய்ந்ததா, பிரஷர் என்ன, பிள்ளை மஞ்சளாக இருக்கிறதா, தொப்புள் கொடி எப்படி என்று பார்த்து, புத்தகத்தில் எழுதி, அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். இந்த நாடு பிரசவத்தில் நிகழும் தாய் மரணம் ஒவ்வொன்றையும் 1991 முதல் தனித்தனியாக எடுத்து ஆராய்ந்து வருகிறது. அந்த அக்கறை சும்மா வந்ததில்லை. ஆனால் நாங்கள் கதவைச் சாத்திவிட்டு வந்தபிறகு மிச்சமிருக்கும் நேரம் முழுக்க அந்தப் பெண் தனியாகத்தான் இருக்கிறாள். ஓய்வெடு என்று சொல்லிவிட்டு வருவது சுலபம். அவள் படுத்திருக்கும் நேரத்தில் அரிசியைக் கழுவிப் போட ஒரு ஆள் வேண்டுமே.

அம்மாவும் மாமியாரும் எங்கே போனார்கள் என்ற கேள்வி உங்கள் வாயில் வந்திருக்கும். என் வாயிலும் வந்ததுதான். 2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் ஓய்வு வயது குறைந்தது 60. அதற்கு முன் பெரும்பாலான இடங்களில் 55. நல்ல சட்டம்தான், இபிஎஃப் என்ற சேமநிதிக் காசு சீக்கிரம் கரைந்துபோய்த் தவித்தவர்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் மகள் பிரசவத்துக்கு வந்து உட்கார வேண்டிய 56, 57 வயது அம்மா இன்றைக்குத் தொழிற்சாலை ஷிஃப்டில் இருக்கிறாள், இல்லை பள்ளிக்கூடத் துப்புரவு வேலையில் இருக்கிறாள். ஆண்டு விடுமுறையைச் சேர்த்து வைத்து ஒரு வாரம் வருவாள். அவள் பஸ் ஏறிப் போன மறுநாள் காலையில் மகள் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். இந்த அம்மாமார்கள்மேல் பழி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தோட்டத்துக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று பழம்பெருமை பேச மாட்டேன். பிள்ளை பெற்ற சில வாரத்திலேயே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன தலைமுறை அது. இரத்தச் சோகை தீராமலே அடுத்த பிள்ளையைச் சுமந்தார்கள். இருந்தாலும் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் பிரசவம் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து ரசம் வரும், எதிர் வீட்டிலிருந்து வெந்நீர் வரும். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிச் செய்ததில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுவது கேட்கும், அவ்வளவுதான். செபராங் பிறையில் தோட்டங்கள் தாமான் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அந்த ஜனம் ஆளுக்கொரு பக்கமாக ஃபிளாட்டுகளில் சிதறியது. கூடவே வந்தது கோயில்தான். உங்களில் பலர் இன்று நிர்வகிப்பது அப்படித் தோட்டத்திலிருந்து இடம் மாறி வந்த சாமியைத்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். ஒரு வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் அத்தனையையும் பேர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கிற இடம் இன்றைக்கு வேறு எது இருக்கிறது?

ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடிதான் சொல்வேன்.

நாலாவது மாடி. லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது. சிசேரியன் ஆகி ஒரு வாரம் கடந்திருந்த பெண், வலது கையால் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் கிரில்லைத் திறந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. நின்று கிளற முடியாமல் உட்கார்ந்தபடியே கிளறியிருக்கிறாள். பள்ளிச் சீருடையைக் கழற்றாமல் மூத்தவன் மைலோ கேட்டு அரற்றிக்கொண்டிருந்தான். மேசைமேல் ஒரு மெகி கப், பாதி சாப்பிட்டு மறந்துபோய், மீதி நூடல்ஸ் ஊறிக் கப்புக்கு மேலே பொங்கி நின்றது. "எல்லாம் ஓகேதான் மிஸ்ஸி" என்றாள். அவள் பாதத்தைப் பார்த்தேன், செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே இருந்தது. பிரஷர் எடுத்தேன், ஏறியிருந்தது. பத்து நிமிடம் படுக்க வைத்துத் திரும்ப எடுத்தேன், இறங்கவில்லை. பிரஷர் பிரசவத்தோடு போய்விடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரைக்கும்கூட ஏறி வலிப்பில் கொண்டுபோய் விடலாம். ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, காலையில் என்னம்மா சாப்பிட்டாய் என்று கேட்டேன். "அவரு ராத்திரி வரும்போது கட்டிட்டு வருவாரு மிஸ்ஸி" என்றாள். கீழேயிருந்து சாம்பார் மணம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை. ஃபிளாட்டை ஒட்டியே கோயில், அன்னதானம் பரிமாறும் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவளே சொன்னாள்: "நான் தீட்டு மிஸ்ஸி. போகக்கூடாது."

ஆக, தீட்டைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் பேசிவிடுவோம். இந்த யோசனையை நான் வாய்வழியாகச் சொன்ன இடங்களில் முதலில் வந்த தடை அதுதான்.

தீட்டு வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை நான் இங்கே கொண்டுவரவில்லை. பதினாறோ முப்பதோ, அவரவர் குடும்ப வழக்கப்படி கழித்துக்கொள்ளட்டும். முன்பெல்லாம் தீட்டுக்காரியை அடுப்படிப் பக்கமே விடமாட்டார்கள். குடத்தைத் தொடாதே, மூலையில் கிட என்பார்கள். அதில் அவமானமும் இருந்தது, அந்த அவமானத்தின் மறைவில் அவளுக்கு நல்ல தூக்கமும் இருந்தது. இன்றைக்குப் பாதித் தீட்டுதான் மிஞ்சியிருக்கிறது. கோயிலுக்கு வரக்கூடாது; ஆனால் சமைக்கலாம், துணி துவைக்கலாம், மூத்தவனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட மாடி இறங்கி ஏறலாம். அவளை வெளியே வைக்கிற பாதியை நாம் காப்பாற்றிக்கொண்டோம், அவளைப் படுக்க வைக்கிற பாதியைக் கைவிட்டுவிட்டோம்.

நடைமுறைக்கு வருவோம். மடப்பள்ளியில் சமைக்க வேண்டாம். திருமண மண்டபத்துச் சமையற்கட்டு போதும், அதுவும் இல்லையென்றால் மகளிர் பிரிவில் ஒருவர் வீட்டு அடுப்பு போதும். தைப்பூசத்துக்குக் கட்டுவதுபோல் பொட்டலமாகக் கட்டினால் பாத்திரம் திரும்ப வர வேண்டிய வேலையும் இல்லை. தீட்டு வீட்டிலிருந்து கோயிலுக்குப் பொருள் வாங்கக்கூடாது என்று குருக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பசித்தவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. ஐயம் இருந்தால் உங்கள் குருக்களையே கூட்டத்துக்கு அழைத்துக் கேளுங்கள். உள்ளே போகத் தயங்கும் பெண் வாசலில் கொடுத்துவிட்டு வரட்டும். உள்ளே போகிறவள் வீட்டுக்கு வந்ததும் ஒரு முழுக்குப் போட்டுக்கொள்ளட்டும். நான் வேலை பார்த்த காலம் முழுக்கத் தினமும் நாலைந்து தீட்டு வீடு ஏறி இறங்கியவள். சாயங்காலம் குளித்துவிட்டு விளக்கேற்றத்தான் செய்தேன்.

இனிச் சாப்பாடு. பத்தியம் என்றதும் ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள், அந்தச் சண்டைக்குள் போகாதீர்கள். கோயில் சார்பில் போவதால் மரக்கறிதான் என்று வைத்துக்கொள்ளலாம். குழைய வடித்த சூடான சோறு, மிளகு ரசம், நல்லெண்ணெயில் பூண்டு நிறையப் போட்ட குழம்பு, முருங்கைக்கீரை, கெட்டிப் பருப்பு அல்லது பாசிப்பயறு, ஏதாவது ஒரு காய். சுறாப்புட்டும் கருவாடும் கோழியும் அவர்கள் வீட்டில் செய்துகொள்ளட்டும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை உதவும், சாப்பிட்டவுடன் குடிக்கும் தே தாரிக் கெடுக்கும். அதனால் பொட்டலத்தோடு ஒரு துண்டு லீமாவ் வையுங்கள். காயும் பழமும் குளிர்ச்சி என்று ஒதுக்கிவிடாதீர்கள். தையல் போட்ட பெண் மலச்சிக்கலோடு கழிவறையில் படுகிற பாட்டைப் பட்டவளுக்குத்தான் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும், உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று சொல்லி ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பால் கொடுக்கும் பெண் அவள். பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களுக்கு இரத்தம் சுலபமாக உறையும் தன்மையோடு இருக்கும். தண்ணீரும் இல்லாமல், அசையாமலும் கிடந்தால் காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்கு ஏறி உயிரையே எடுத்துவிடும். ஓய்வு என்றால் நாற்பது நாளும் கட்டிலோடு கிடப்பது என்று அர்த்தம் இல்லை. கூடத்தில் நடக்கட்டும், வராந்தாவில் நிற்கட்டும். சமையல், துவையல், தூக்குதல், மாடிப்படி, இவைதான் அவளுக்கு வேண்டாம். ஆகவே சாப்பாடு கொண்டுபோகிற பெண் ஒரு போத்தல் தண்ணீரை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தாலே பாதிப் புண்ணியம்.

முதல் நாளே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: கர்ப்பத்தில் இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்ததா, பிரஷர் இருந்ததா? நம் பெண்களுக்குக் கர்ப்பகால இனிப்பு நீர் அடிக்கடி வருகிற ஒன்று. பிள்ளை பிறந்ததும் போய்விட்டது என்று நம்பி, கருப்பட்டிப் பாகில் கிண்டிய பிரசவ லேகியத்தைக் கரண்டி கரண்டியாக உள்ளே தள்ளுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள். ஆறாவது வாரம் சீனித் தண்ணீர் கொடுத்து எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கு அவள் போனாளா என்றும் கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்து, கைப்பிள்ளையோடு கிளினிக்கில் இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டிய பரிசோதனை அது. துணைக்கு ஆள் இல்லாததாலேயே பலர் போவதில்லை. உங்கள் மகளிர் பிரிவில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால் அங்கேயும் ஒரு வேலை காத்திருக்கிறது.

லேகியம், காயமருந்து, உருட் என்ற உருவிவிடுதல், துங்கு என்ற சுட்ட கல் ஒத்தடம், பெங்குங் என்ற வயிற்றுக் கட்டு எல்லாவற்றுக்கும் நான் எதிரி இல்லை. பாரம்பரிய மருத்துவப் பிரிவு முதன்முதலாகத் திறக்கப்பட்ட அரசாங்க மருத்துவமனை நம்முடைய கெப்பாளா பத்தாஸ்தான், 2007-இல். ஆனால் சிசேரியன் தையல் மேல் சுட்ட கல்லை வைக்கக்கூடாது. மரத்துப்போன இடத்தில் சூடு தெரியாது, தோல் வெந்தபிறகுதான் தெரியும். இரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணும், பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெண்ணும் டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்துருண்டையும் விழுங்கக்கூடாது. இவ்வளவு தெரிந்தால் உங்கள் தொண்டர்களுக்குப் போதும். அங்கே போய்ப் பாட்டியோடு வாதாட வேண்டாம்.

உட்காரப் போகிறவள் கண்ணில் பட வேண்டியவை சில இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைந்துபோனால், குளிர் காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், தலைவலியோடு கண் மங்கினால் கணவன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது, 999 அழைக்க வேண்டும். பிள்ளை விஷயத்தில் மஞ்சள்தான் முதல் எதிரி. காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்பார்கள், போகாது. மார்பைத் தாண்டி வயிறு, கால் என்று மஞ்சள் இறங்கினாலோ, பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தாலோ அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

தொட்டில் சேலையையும் மோந்து பாருங்கள் என்று உங்கள் பெண்களிடம் சொல்லி அனுப்புங்கள். பாட்டி ஆசையாகப் பீரோவிலிருந்து எடுத்துத் தந்த பழைய சேலை, நூல் பிரியாமல் மெத்தென்று இருக்கும், பாச்சை உருண்டை வாசத்தோடு. ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்த அணுவைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைந்த நிலை, உள்ள பிள்ளைக்கு அந்த வாசமே விஷம். இரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் ஒரே நாளில் ஏறிவிடும். பிறந்த உடனே ஆஸ்பத்திரியில் இதற்குப் பரிசோதனை செய்து புத்தகத்தில் எழுதித்தான் தருகிறார்கள். அந்தப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. சாம்பிராணிப் புகையையும் பிள்ளை இருக்கும் அறையில் போடாமல் இருந்தால் நல்லது.

இதெல்லாம் சுலபம், கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அவள் அழுவாள், அதுவும் சகஜம்தான். இரண்டு வாரம் தாண்டியும் தூங்காமல், சாப்பிடாமல், பிள்ளை முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு. சாமி குற்றம், காற்று கருப்பு என்று அவளை உங்கள் கோயிலுக்கே மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு வருவார்கள். திருநீறு பூசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசிய கையோடு கிளினிக்குக்கும் அனுப்புங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. அறிவிப்புப் பலகையில் பூசை நேரத்துக்குப் பக்கத்தில் எழுதி வைக்க ஓர் ஐந்து இலக்கம் அதிகமில்லை.

யாருக்குப் பிரசவம் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கிளினிக்கில் கேட்காதீர்கள். நோயாளி பெயரை அவர்கள் தரமாட்டார்கள், தரவும் கூடாது. பட்டியல் ஏற்கெனவே உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. வளைகாப்புக்கு மண்டபம் புக் செய்ய வருகிறார்கள், சுகப்பிரசவத்துக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறார்கள். அப்போதே ஒரு பாரம் (படிவம்) கொடுங்கள்: எந்த மாதம், எந்த மாடி, கூட யார் இருப்பார்கள், சாப்பாடு வேண்டுமா. வேண்டாம் என்கிறவர்களை வற்புறுத்த வேண்டாம். வளைகாப்பு நடத்த வசதியில்லாதவளும், மண்டபம் எடுக்கத் துணியாதவளும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். கல்யாணம் ஆகாமல் பெற்றவள், இந்தியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இங்கே ஒரு உறவும் இல்லாதவள், புருஷன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவள் என்று இவர்களைப் பக்கத்து வீட்டுக்காரிகள்தான் சொல்வார்கள். காதில் விழுந்தால் போங்கள். தாலியைப் பார்த்துச் சோறு போடாதீர்கள்.

ஒரு கோயில் வட்டாரத்தில் ஒரே சமயத்தில் நாலைந்து தாய்மாருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு நீங்கள் ஏற்றும் அண்டாவுக்கு முன்னால் இது ஒரு சின்னக் குக்கர். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் அடிவாரம் வரைக்கும் எத்தனை பந்தல், எத்தனை ஆயிரம் பேருக்குச் சோறு, மோர், கடலை! சாப்பிட்ட வயிற்றோடு வருகிறவனையும் கையைப் பிடித்து இழுத்துப் பொட்டலத்தைத் திணிக்கிற ஜனம் நாம். காசு இல்லை, ஆள் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் என்று அன்னதான உபயம் எழுதுகிறவர்களிடம் அதே தொகைக்கு ஒரு தாயின் முப்பது நாள் மதியச் சாப்பாட்டையும் ஒரு உபயமாக நீட்டிப் பாருங்கள். எழுதுவார்கள்.

சீனர்கள் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு வீட்டோடு தங்கித் தாயைக் கவனிக்கும் கூலிக்கார அம்மா, இல்லையென்றால் தினமும் இரண்டு வேளை வீடு தேடி வரும் பிரசவச் சாப்பாடு, அதுவும் இல்லையென்றால் தாயும் பிள்ளையும் போய்த் தங்கும் நிலையம். சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். மலாய்க்காரர்களிடம் 44 நாள் பந்தாங், அதாவது பிரசவப் பத்தியம், இன்னும் உறுதியாக நிற்கிறது, கம்போங்கிலிருந்து (கிராமத்திலிருந்து) யாராவது ஒரு மாக்சிக், ஒரு அத்தை சித்தி, வந்துவிடுவாள். நம்மில் வசதியுள்ளவர்களும் இப்போது ஆள் வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவள் ஃபிளாட்டுக்காரிதான்.

செய்யக்கூடாதது சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பேனர் வேண்டாம். ஹேம்பர் பரிசுக் கூடையை நடுவில் வைத்து, நைட்டியோடு நிற்கும் பெண்ணை ஓரமாக நிறுத்தி, சட்டமன்ற உறுப்பினரோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டு "அடுத்தது சிங்கக்குட்டியா வரும்" என்று ஆறுதல் சொல்கிறவர்களை அந்தப் பக்கமே அனுப்ப வேண்டாம். பால் சுரக்கவில்லையா என்று வாசலிலேயே விசாரணை வைக்க வேண்டாம். இருமல் சளி உள்ளவர் அன்றைக்கு வேறு ஆளை அனுப்பட்டும். போகிறவர் முதலில் கையைக் கழுவட்டும். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதற்காகப் போகவில்லை என்பதை அவர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், தாய் தூங்கிவிடுவாள்.

தைப்பூசப் பந்தலுக்கு அரிசி, பருப்பு கொட்டேஷன் எடுக்கும் கூட்டம் உங்கள் எல்லாருக்கும் வரும். அந்த நிகழ்ச்சி நிரலிலேயே இதையும் ஓர் அங்கமாகச் சேருங்கள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று "இதர" பகுதிக்குத் தள்ளினால் அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். முன்வரும் ஆலயம் எதுவானாலும், தொண்டூழியப் பெண்களை ஒரு சனிக்கிழமை காலையில் ஒன்றுகூட்டிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். பிரஷர் கருவியை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். கால் வீக்கத்தை எப்படி அழுத்திப் பார்ப்பது, பிள்ளையின் மஞ்சளை எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்று செய்து காட்டுகிறேன். ஒரு வெண்பலகை இருந்தால் நல்லது. பொன்னாடை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகத் தாதி ஒருத்தி,
செபராங் பிறை